கொடைக்கானல் போனால் கலோரி எண்ணணுமா?

வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு எதிரே இருக்கிற கடைவரிசையில் நின்றுகொண்டு, கலோரி ஆப்பில் ‘மிளகாய் பஜ்ஜி’ என்று தேடிப் பாருங்கள். ஒன்றுக்கு 60 என்று ஒரு வரி சொல்லும். அதற்குக் கீழேயே 220 என்று இன்னொரு வரி சொல்லும். இரண்டிலும் பொய் இல்லை. ஒல்லி மிளகாயை நீர்த்த மாவில் முக்கி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டெடுத்தால் ஒரு கணக்கு. மொத்தமாக மாவு அப்பி, முந்தின ஈடு எடுத்து எண்ணெய் சூடு இறங்கியிருக்கும் நேரத்தில் அடுத்த ஈட்டை அவசரமாகப் போட்டால் அது எண்ணெயைக் குடிக்கும், கணக்கே மாறிவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அந்தச் சட்டியிலிருந்து எத்தனை கரண்டி என் இலைக்கு வந்தது என்று பஜ்ஜி போடுகிற அண்ணனுக்கே தெரியாது.

வீட்டில் நான் எண்ணுகிறவள்தான். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதிலிருந்து அடுப்படி மேடையில் ஒரு டிஜிட்டல் தராசு குடியிருக்கிறது. எத்தனை கிராம் அரிசி, தாளிக்க எத்தனை ஸ்பூன் என்பதெல்லாம் என் கையில் இருப்பதால், மதுரையில் நான் 1,500 என்று எழுதினால் அது ஏறக்குறைய 1,500 தான். கொடைக்கானல் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு நான் எழுதும் 1,500 என்பது 1,200 ஆகவும் இருக்கலாம், 2,300 ஆகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட எண்ணை ராத்திரி கம்பளிக்குள் உட்கார்ந்து கூட்டிக் கழித்து என்ன ஆகப்போகிறது? உட்கார்ந்த வேலை பார்க்கிற பெண்ணுக்கு நாளைக்கு 1,660 கலோரி போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அதில் பாதி அளவுக்குத் தப்பு வரக்கூடிய ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நிம்மதியும் கிடைக்காது, எடையும் குறையாது.

அதனால் மலைக்குப் போகும்போது ஆப்பைத் திறப்பதில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தின்பதும் இல்லை. கலோரி மொத்தமாக ஒளிந்திருக்கும் சில இடங்கள் உண்டு. அங்கே மட்டும் கவனமாக இருந்துவிட்டு மற்றதை அதன் போக்கில் விட்டுவிடுகிறேன்.

அதில் ஒன்று வேனுக்குள்ளேயே வந்துவிடும். விடியக்காலையில் மதுரையிலிருந்து கிளம்பும் எல்லாக் குடும்பத்தையும் போல நாங்களும் பொடி தடவிய இட்லி கட்டிக்கொண்டுதான் போவோம். வீட்டுச் சாப்பாடு என்பதால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நாலு இட்லி 250 கலோரிக்குள் அடங்கும். காய்ந்துபோகக் கூடாதென்று மேலே ஊற்றும் நல்லெண்ணெயை ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்தால், அதுவே இன்னொரு 240. என் மாமியார் இந்த விஷயத்தில் லேசில் இறங்கி வரமாட்டார். “எண்ணெ விடாம கட்டுனா தொண்டையிலயே நிக்கும்மா” என்பார். நிற்கும்தான். அதனால் சண்டைக்குப் போகாமல், இட்லியைச் சூட்டோடு வாழை இலையில் மடித்துக் கட்டுகிறேன். ஈரம் போகாது, பாதி எண்ணெயே போதும். இலையில் கட்டினால் வாசனையும் தனி. மாமியார் இதுவரை எண்ணெய் குறைந்ததைக் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டுத்தான் கேட்காமல் இருக்கிறாரோ என்னவோ.

வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கியதும் முறுக்குப் பொட்டலம் பிரியும். பசிக்காகப் பிரிப்பதில்லை. வளைவு வளைவாகப் போகும்போது வாய் சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். டம்டம் பாறையில் இறங்கி எலிவால் அருவியைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவதற்குள் பொட்டலம் காலியாகிவிடும். இதற்கு என்னிடம் பெரிய வைத்தியம் இல்லை. பொட்டலத்தைப் பின்சீட்டுப் பைக்குள் அடியில் வைப்பேன். எடுக்கச் சோம்பல்பட்டே பாதிப் பேர் கேட்கமாட்டார்கள்.

“குளிருக்கு எல்லாம் செரிச்சிரும்.” இது என் வீட்டுக்காரர் மலையில் சொல்லும் மந்திரம். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு நிற்கிறவருக்குக் குளிர் தனியாக எதையும் எரித்துத் தராது. உடம்பு நடுங்க ஆரம்பித்தால்தான் தசை கூடுதலாகச் செலவழிக்கும். நடுங்கும்வரை அவர் எங்கே நிற்கப்போகிறார், அதற்குள் டீக்கடைக்குள் போய்விடுவார். குளிர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தாகத்தை மறக்கடிக்கும், சூடாக எதையாவது தின்னத் தூண்டும். சின்ன பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குக் கொடைக்கானலில் தடை இருப்பதால், கையில் எவர்சில்வர் பாட்டில் இல்லாதவர்கள் தாகத்துக்கும் டீயையே குடித்துக்கொண்டு திரிவதைப் பார்க்கலாம். கடை டீ ஒரு கிளாஸ், பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து 80 கலோரிக்குப் பக்கம் வரும். ஒரு நாளைக்கு ஐந்தாறு ஆகும்போது அது ஒரு நேரச் சாப்பாடு. நாங்கள் ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொள்கிறோம். டீக்கு “சர்க்கரை கம்மி” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கலக்கினபிறகு சொல்லிப் பயனில்லை.

நடையைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரியைச் சுற்றி வந்தால் 5 கிலோமீட்டர். 65 கிலோ எடையுள்ளவர் அதை முழுசாக நடந்து முடித்தால் 250 கலோரி போல எரியும். நல்ல விஷயம்தான், காலையில் பனி விலகுவதற்குள் நடந்தால் இன்னும் நல்ல விஷயம். ஆனால் “ஏரியைச் சுத்திட்டோம்ல” என்று அதையே அனுமதிச் சீட்டாக நீட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தின்னலாம் என்று நினைத்தால், முதல் ஜூஸ் கடையிலேயே அது செல்லாமல் போய்விடும். குதிரை சவாரியையும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்த ஒருவர் எங்கள் வேனில் இருந்தார். எரிந்தது குதிரையின் கலோரி.

ஜூஸ் என்றேனே, பட்டர் ஃப்ரூட் ஜூஸைத்தான் சொன்னேன். மலையில் விளைவது, பழம், அதனால் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் மனசாரக் குடிப்பது. ஒரு தடவை கடை ஓரமாக நின்று, போடுவதைப் பார்த்தேன். பாதிப் பழத்தைக் கரண்டியால் வழித்து மிக்ஸியில் போட்டார். 100 கிராம் இருக்கும், 160 கலோரி. ஒரு டம்ளர் பால், இன்னொரு 130. பிறகு சர்க்கரை டப்பாவைத் திறந்து, சாப்பாட்டு ஸ்பூனைக் குவித்து மூன்று தரம் போட்டார், 150க்குக் குறையாது. மேலே ஐஸ்கிரீம் ஒரு உருண்டை வேண்டுமா என்று கேட்டார். ஐஸ்கிரீம் இல்லாமலே 440. அதை நாங்கள் சாப்பாடு முடித்து அரைமணி நேரத்துக்குள் குடித்துக்கொண்டிருந்தோம்.

பட்டர் ஃப்ரூட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதில் இருப்பது நல்ல கொழுப்பு, நார்ச்சத்தும் உண்டு. அந்த நல்லது முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால், பழத்தை முழுசாக விலைக்கு வாங்கி, அறைக்குக் கொண்டுபோய் இரண்டாகப் பிளந்து, உப்பும் மிளகுத்தூளும் எலுமிச்சையும் தூவி, காலையில் ஆம்லெட்டோடு ஸ்பூனால் தோண்டிச் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது சண்டை, யாருக்குப் பெரிய பாதி என்பதில்.

பழ விஷயத்தில் மலை நம்மை ஏமாற்றுவதில்லை. பிளம்ஸ் ஒன்று 30 கலோரிதான். சீசனில் ஒரு கூடை வாங்கி வேனில் வைத்தால், முறுக்கின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பேரிக்காயைத் தோலோடு கடித்தால் மெல்லுவதற்கே நேரம் ஆகும், அதுவே பாதி வெற்றி. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் போகிறவர்கள் மலைவாழைப்பழத்தைச் சீப்பாக வாங்கி வையுங்கள். ஏரிக்கரையில் கிடைப்பதிலும் சுட்ட மக்காச்சோளம் ஒரு கருது 100, 120 கலோரிக்குள் முடிந்துவிடும். எலுமிச்சையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்த்துத் தருவார்கள், கையும் சூடாகும். அதே கரையில் பிரெட் ஆம்லெட் 400ஐத் தாண்டும். இரண்டு முட்டை 150, இரண்டு மூன்று பிரெட் துண்டு, கல்லில் தாராளமாக விட்ட எண்ணெய். அதைச் சாயங்காலத் தீனியாகத் தின்றுவிட்டு ராத்திரி பரோட்டாவுக்கு உட்கார்ந்தால்தான் வம்பு. நான் பிரெட் ஆம்லெட்டையே ராத்திரிச் சாப்பாடாக முடித்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவேன். முட்டை இருப்பதால் வயிறு நிற்கும்.

சாக்லேட் தனிக்கதை. அண்ணா சாலையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தட்டில் துண்டு போட்டு “சாப்பிட்டுப் பாருங்க மேடம்” என்று நீட்டுவார்கள். ரம் அண்ட் ரைசின், முந்திரி, டார்க், வெள்ளை என்று வகைக்கு ஒரு துண்டு. இப்படி நாலு கடை ஏறி இறங்கினால் வாங்குவதற்கு முன்பே 100 கிராம் உள்ளே போய்விடும். சாக்லேட் 100 கிராம் என்பது 530லிருந்து 550 கலோரி. மேலே உள்ள நாலு பொடி இட்லி, எண்ணெயோடு சேர்த்தும் அதைவிடக் குறைவு. இன்னொன்று: அந்த விலைக்குத் தரும் பெரும்பாலான ‘ஹோம்மேட்’ சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்ந்த காம்பவுண்ட்தான் இருக்கும். டார்க் என்ற பெயரை வைத்து உடம்புக்கு நல்லது என்று நினைத்து இரண்டு மடங்கு தின்ன வேண்டாம். சர்க்கரை அதிலும் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால் எது காம்பவுண்ட் எது நிஜம் என்று பலர் ஒளிக்காமலே சொல்கிறார்கள், விலையே காட்டிக்கொடுத்தும்விடும்.

எங்கள் வழக்கம் இதுதான். சாக்லேட் கடை என்பது கிளம்பும் நாளில்தான். ஊருக்குக் கொடுக்க வேண்டியதை ஆள்வாரியாகப் பிரித்து ஒட்டச் சொல்லி, வேன் டிக்கியில் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவோம். கையில் இருப்பது ஆளுக்கு இரண்டு துண்டு. கால் கிலோ பாக்கெட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினால், பெருமாள்மலை தாண்டி ஊத்து வருவதற்குள் அது காலி, 1,350 கலோரி. ஊருக்குக் கொடுக்க இப்போதெல்லாம் மலைப்பூண்டையும் சேர்த்து வாங்குகிறோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. அதை வழியில் யாரும் பிரித்துத் தின்ன மாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

இவ்வளவு சொல்கிறவள் வத்தலக்குண்டில் சீரகச் சம்பா பிரியாணி முன்னால் என்ன செய்கிறேன் என்று கேட்டால், சாப்பிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒன்று, அது எதுவாக இருந்தாலும் கணக்கில்லாமல் நிம்மதியாகச் சாப்பிடுவது என்று வைத்திருக்கிறேன். பிரியாணி நாளில் ஜூஸ் இல்லை, ஜூஸ் நாளில் பஜ்ஜி இல்லை. அறையோடு காலைச் சாப்பாடு இலவசமாகத் தரும் இடங்களில் “காசு கொடுத்தாச்சே” என்று பூரி, பொங்கல், கார்ன்ஃபிளேக்ஸ், கேக் எல்லாவற்றையும் ஒரு ரவுண்டு வருவதைத்தான் என்னால் ரசிக்க முடியவில்லை. அந்த பிரெட்டும் ஜாமும் நம் வீட்டு மளிகைக்கடையிலேயே கிடைக்கிறதே.

இனிச் சொல்வது கலோரியைவிட முக்கியம். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் ‘டூர்தானே, எண்ண வேண்டாம்’ என்பது அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் பார்க்க வேண்டியது மாவுச்சத்தையும் நேரத்தையும்.

மே மாதச் சீசன். 2024 மே 7இலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும் என்று ஆனபிறகும் நெரிசல் முழுசாக நீங்கிவிடவில்லை. எங்கள் வேன் வரிசையில் மாட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மாமியாருக்குச் சர்க்கரை உண்டு; காலையில் அதற்கான கிளிமிப்பிரைடு மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். வளைவில் வாந்தி வரும் என்று பயந்து, இட்லி பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தார். திடீரென்று “ஜன்னலத் தெறங்கடா, வேக்குது” என்றார். வெளியே எல்லோரும் சால்வை போர்த்தி நிற்கிறார்கள், அவர் நெற்றியில் வேர்வை. கை லேசாக நடுங்கியது. ஊர் வந்துவிட்டதா என்று கேட்டார்; பதில் சொல்லி ஒரு நிமிஷம் ஆவதற்குள் அதையே மறுபடி கேட்டார். நாத்தனார் பதறிப்போய் கைப்பையிலிருந்து சாக்லேட்டை எடுத்தார்.

“மதினி, சாக்லேட் வேணாம். குளுக்கோஸ் குடுங்க.”

சர்க்கரை இறங்கியவருக்குச் சாக்லேட் உடனே உதவாது. அதில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பவுடர் மூன்று டீஸ்பூன், 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டியது. 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது ஏறியிருந்தது. அப்புறம்தான் இட்லி. ஏறியிருக்காவிட்டால் இன்னொரு 15 கிராம் கொடுக்க வேண்டும். நினைவு தவறினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

அதிலிருந்து மலைப்பயணத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொள்கிறோம்: சாப்பாடு தள்ளிப்போனால் எந்த மாத்திரையைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது? எல்லாச் சர்க்கரை மாத்திரையும் இப்படித் தாழ்த்திவிடாது. கிளிமிப்பிரைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும்தான் இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை. குளுக்கோஸ் பாக்கெட் டிக்கியில் இருந்து பயனில்லை; அவர் சீட்டின் முன்பையில் இருக்க வேண்டும். வாந்திப் பயம் உள்ளவர்களுக்கு வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி, எண்ணெய் கம்மியாக, காட்ரோட்டுக்கு முன்பே.

இன்னொரு ஆள் எங்கள் வேனில் இருந்தாள், நாத்தனார் மகள். பிளஸ் டூ முடித்தவள். தோசை வந்ததும் எல்லோரும் பிய்க்க ஆரம்பித்தோம், அவள் செல்போனைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். “அத்தை, இதுல எத்தனை இருக்கும்?” நான் எண்ணுகிறவள் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் என்னிடம் கேட்டாள். “தெரியாதுடி, ஆறுது, சாப்பிடு” என்றேன். அவள் ஆப் அவளுக்கு 1,200 என்று இலக்கு வைத்திருந்தது. வளருகிற வயசு, நாள் முழுக்க பில்லர் ராக்ஸும் வட்டக்கானலும் ஏறி இறங்குகிற பிள்ளைக்கு அது எந்த ஊர்க் கணக்கு? டால்ஃபின் மூக்குக்கு இறங்கிப் போய் ஏறி வரும்போது முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவளோடு தனியாகக் கோக்கர்ஸ் வாக்கில் நடந்தேன். நான் எண்ண ஆரம்பித்தது நாற்பது வயதுக்கு மேல், டாக்டர் சொல்லி, எண்ணெய்க் கரண்டி என் கையில் இருக்கும்போது என்று சொன்னேன். அவள் பாதியைத்தான் கேட்டுக்கொண்டாள். ஊருக்குப் போனபிறகும் தட்டைப் பார்த்துப் பயப்படுவது தொடர்ந்ததால், நாத்தனார் அவளை டாக்டரிடம் அழைத்துப்போனார். இந்த வயசுப் பிள்ளைகள் இருக்கிற மேசையில் கலோரி என்ற பேச்சையே நான் எடுப்பதில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை எடை மெஷினில் ஏறிப் பார்ப்பது என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். “ரெண்டு கிலோ ஏறிருச்சு, உன் பேச்சக் கேட்டா இப்படித்தான்” என்பார். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, தேவைக்குமேல் ஏறக்குறைய 7,700 கலோரி போக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400. பிரியாணியும் பஜ்ஜியும் சேர்ந்து மூன்று நாள் டூரில் அவ்வளவைக் கொண்டுவர, விடிய விடியத் தின்றாலும் சிரமம். பஜ்ஜி, சிப்ஸ், பிரியாணியின் உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கூடுதலாகத் தின்ற மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற இருப்பாகச் சேர்த்து வைக்கும்போது, ஒரு கிராமுக்கு மூன்று கிராம் போலத் தண்ணீரையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். வேனில் உட்கார்ந்தே வந்ததில் வயிறும் சரியாகக் கழிந்திருக்காது. வழக்கமான சோறு குழம்புக்குத் திரும்பினால், நாலைந்து நாளில் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். அப்புறமும் நிற்பதுதான் நிஜமான கூடுதல். அது பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான் இருந்திருக்கிறது.

அதனால் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் எடுக்கிறேன். சமையல் தராசு மறுநாளே மேடைக்கு வந்துவிடும், ஆப்பும் திறந்துவிடும். மாமியாரின் குளுக்கோமீட்டர் மட்டும் டூரிலும் ஓய்வெடுப்பதில்லை. வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. மலையில் எடுத்ததையும் வீட்டில் எடுத்ததையும் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதி, அந்த மாசம் டாக்டரிடம் போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துப்போகிறோம்.